டாங்கி மாடலில் உருமறைப்பு வண்ணம் சொதப்பினால்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

டாங்கி, கவச வண்டி, ராணுவ லாரி என்று எந்த மாடலாக இருந்தாலும், உருமறைப்பு வண்ணத்தில் வரும் கோளாறுகளில் முக்கால்வாசி ஒரே குணம் உடையவை. கண்ணில் படுவது மேல் கோட்டில், காரணம் கிடப்பது அதற்கு இரண்டு மூன்று கோட் கீழே. மேட் வார்னிஷ் (பளபளப்பைப் போக்கும் நிறமற்ற பூச்சு) அடித்ததும் டெக்காலை, அதாவது தண்ணீரில் நனைத்து ஒட்டும் எண், குறிப் படலத்தைச் சுற்றி வெள்ளியாக மினுங்கினால் வார்னிஷைத்தான் திட்டுகிறோம், ஆனால் தப்பு நடந்தது டெக்கால் ஒட்டுவதற்கும் முன்னால். அதனால் எந்தக் கோளாறைப் பார்த்தாலும் முதல் வேலை, கையில் இருப்பதைக் கீழே வைப்பது. ஈரமாக இருக்கும்போதே தொட்டுச் சரிசெய்யப் போனால் சின்னப் புள்ளி பெரிய பள்ளமாகிவிடும். ஒரு நாள் காயவிடுங்கள், அப்புறம் இது எந்த அடுக்கில் பிறந்தது என்று பாருங்கள்.

நான் பின்பற்றும் வரிசை: பிரைமர் (வண்ணம் பிடிப்பதற்கான முதல் பூச்சு), அடிநிறம், உருமறைப்புத் திட்டுகள், கிளாஸ் வார்னிஷ் (பளபளப்பான நிறமற்ற பூச்சு), டெக்கால், அதை மூட இன்னொரு மெல்லிய கிளாஸ், வாஷ் (இடுக்குகளில் இறங்கி நிழல் காட்டும் நீர்த்த அடர்வண்ணம்), கடைசியில் மேட். இதோடு ஒரு பழக்கத்தையும் பிடித்துக்கொள்ளுங்கள். கிட்டில் மிஞ்சிய பெரிய பாகம் ஏதாவது, ஒரு மூடியோ கதவோ, அதைக் குச்சியில் ஒட்டி வைத்துக்கொண்டு, மாடலுக்கு அடிக்கும் ஒவ்வொரு கோட்டையும் முதலில் அதன்மேல் அடியுங்கள். கீழே 'சோதனைத் துண்டு' என்று அடிக்கடி சொல்லப்போவது இதைத்தான். என் மேசையில் ஏர்பிரஷுக்கு (காற்றழுத்தத்தில் பெயின்ட் தெளிக்கும் கைக்கருவி) அடுத்தபடியாக அதிகம் காப்பாற்றியது அந்தத் துண்டுதான்.

டேப்பை உரித்தால் வண்ணமும் கூடவே வருகிறது

உரிந்த இடத்தின் அடியைப் பாருங்கள். வெறும் பிளாஸ்டிக் தெரிந்தால் பிரைமரே ஒட்டவில்லை: அச்சிலிருந்து பாகம் பிரிவதற்காகப் பூசும் எண்ணெய்ப் பசை அப்படியே இருந்திருக்கிறது, அல்லது கட்டும்போது உங்கள் விரல் எண்ணெய் படிந்திருக்கிறது. பிரைமர் இருந்து மேல்நிறம் மட்டும் வந்திருந்தால், நிறம் உள்ளே காயாமல் இருக்கும்போது, அடுத்த நிறம் படாமல் மறைக்க டேப் ஒட்டியிருக்கிறீர்கள். தண்ணீர் சார்ந்த அக்ரிலிக்குகள் (வயெஹோ போன்றவை) தொட்டால் காய்ந்தமாதிரி இருக்கும், ஆனால் உள்ளே இறுகி முடிக்க ஒரு முழு நாளாவது வேண்டும்.

உரிந்த ஓரத்தை 1000 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, பிறகு 1500-ல், ஓரம் நகத்துக்குத் தட்டுப்படாத அளவுக்குச் சரிவாகத் தேயுங்கள். அந்த இடத்துக்கு மட்டும் பிரைமர், அப்புறம் நிறம். ஓரத்தைத் தேய்க்காமல் மேலே அடித்து மூடினால் மேட் வார்னிஷுக்குப் பிறகு ஒரு தீவு மாதிரி அது எழுந்து நிற்கும். அடுத்த மாடலில் கட்டிய பாகங்களைப் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். பித்தளைத் தகட்டுப் பாகங்களும் ரெசின் பாகங்களும் இருந்தால் பிரைமரைத் தவிர்க்கவே முடியாது. டேப்பையும் ஒட்டுவதற்கு முன் உள்ளங்கையிலோ கண்ணாடியிலோ ஒருமுறை ஒட்டி எடுத்தால் பசை கொஞ்சம் குறையும்.

பரப்பு உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கிறது

பெயின்ட் மாடலைத் தொடுவதற்கு முன்பே காற்றில் காய்ந்து, தூளாக வந்து விழுந்திருக்கிறது. தூரம் அதிகம், அழுத்தம் அதிகம், தின்னர் (பெயின்ட்டை நீர்க்கச் செய்யும் திரவம்) குறைவு, இந்த மூன்றில் ஒன்று. அறை சூடாக இருந்தால் மூன்றும் சரியாக இருந்தும் இது வரும். அடிநிறத்துக்கு 8 முதல் 10 செ.மீ. தூரம், 15 முதல் 20 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) போதும். டமியா அக்ரிலிக்கை அதற்கேற்ற எக்ஸ்-20ஏ தின்னரில் ஒன்றுக்கு ஒன்று கலப்பது நல்ல தொடக்கம். சூடான நாளில் இரண்டு மூன்று சொட்டு ரிடார்டர் சேருங்கள், அது காய்வதைத் தாமதப்படுத்தி பெயின்ட் பரவ நேரம் கொடுக்கும்.

அடிக்கும்போது விளக்கைப் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். பெயின்ட் விழுந்த இடம் ஒரு நொடி ஈரமாகப் பளிச்சென்று தெரிந்து, பிறகு மங்க வேண்டும். அந்த ஈர மினுக்கே இல்லாமல் விழுந்த கணமே மங்கலாக இருந்தால் தூள்தான் விழுகிறது, நிறுத்துங்கள். ஏற்கெனவே சொரசொரத்துவிட்டதா? நன்றாகக் காய்ந்தபின் 2000 நம்பர் தாளால் மெல்லத் தடவி, ஒரு ஈரக் கோட் அடித்தால் போதும். இதைச் சரிசெய்யாமல் முன்னே போகாதீர்கள், ஏனென்றால் டெக்கால் மினுங்குவதும் வாஷ் திட்டுத்திட்டாகத் தங்குவதும் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

மெல்லிய கோடு போட்டால் சிலந்திக்கால் மாதிரி சிதறுகிறது

மேலே சொன்னதற்கு நேர் எதிர். பெயின்ட் தண்ணீராக இருக்கிறது, காற்று அதை விழுந்த இடத்திலிருந்து ஊதித் தள்ளுகிறது. அழுத்தத்தை 10, 12 பிஎஸ்ஐக்கு இறக்குங்கள், டிரிகரைக் கொஞ்சமாக இழுங்கள், கையை நிறுத்தாமல் நகர்த்துங்கள். நகர ஆரம்பித்த பிறகே பெயின்ட்டைத் திறக்க வேண்டும், நிற்பதற்கு முன்பே மூட வேண்டும். சிதறிய காலைத் துடைக்காதீர்கள், காய்ந்ததும் அடிநிறத்தை மேலே தெளித்தால் மறைந்துவிடும்.

கோடு விட்டுவிட்டு வருகிறது, திடீரென்று துப்புகிறது

ஊசி முனையில் பெயின்ட் காய்ந்து மணியாக உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு இரண்டு மூன்று நிமிடத்துக்கும் தின்னரில் நனைத்த பஞ்சுக்குச்சியால் முனையை வருடிவிடுங்கள். துடைத்தும் தீரவில்லை என்றால் கலவையைப் பாருங்கள். வயெஹோ போன்ற தண்ணீர் பெயின்ட்டில் ஆல்கஹால் உள்ள தின்னரை ஊற்றினால் தயிர் மாதிரி திரிந்துபோகும். ஒவ்வொரு வகைக்கும் அதன் தின்னர். சும்மா நுரைநுரையாகக் கோப்பையில் குமிழி வந்தால் நாசில் தளர்ந்திருக்கிறது அல்லது விரிசல் விட்டிருக்கிறது, அது பெயின்ட் பிரச்சினை இல்லை.

திட்டுகளின் ஓரம் புகைமூட்டமாக இருக்கிறது

இதில் முதல் கேள்வி, அது பிழைதானா என்பது. ஜெர்மன் படை 1943 பிப்ரவரியில் அடிநிறத்தை அடர்மஞ்சளாக மாற்றியபோது, ஆலிவ் பச்சையும் செம்பழுப்பும் பசையாக டின்னில் பிரிவுகளுக்குப் போயின. வீரர்களே அதைப் பெட்ரோலிலோ தண்ணீரிலோ கரைத்து, கிடைத்த ஸ்பிரே கருவியில், இல்லாவிட்டால் பிரஷில் அடித்தார்கள். அதனால் அந்தக் காலத்து வண்டியில் மென்மையான ஓரமும் உண்டு, தெளிவான ஓரமும் உண்டு. வட ஆப்பிரிக்காவில் 1940, 41-ல் பிரிட்டிஷ் டாங்கிகள் மேலிருந்த கான்டர் வடிவம் முழுக்க நேர்கோடு, அதில் புகைமூட்டம் இருந்தால் தப்பு. நேட்டோவின் பச்சை, பழுப்பு, கறுப்பு மூன்று நிற வடிவத்திலும் ஓரம் கச்சிதமாக இருக்க வேண்டும். கையில் உங்கள் வண்டியின் புகைப்படம் இல்லாமல் இதை முடிவுசெய்யாதீர்கள்.

மென்மையான ஓரம் வேண்டும் என்றாலும் எவ்வளவு மென்மை? ஒரு கணக்கு போடுங்கள். 1/35 மாடலில், அதாவது நிஜத்தில் 35-ல் ஒரு பங்கு அளவில், 1 மி.மீ. மங்கல் என்பது நிஜ வண்டியில் 3.5 செ.மீ., நம்பலாம். அதே ஓரம் 3 மி.மீ. என்றால் 10.5 செ.மீ. ஆகிறது. 1/72-ல் அதே 3 மி.மீ. 21.6 செ.மீ. ஆகிவிடும், கிட்டத்தட்ட ஒரு சாண். சின்ன மாடல்கள் பல பொம்மை மாதிரி தெரிவதற்கு இந்தச் சாண் ஒரு முக்கியமான காரணம். 1/72-க்கு நான் ஓரத்தை ஏர்பிரஷ் கையால் விடுவதே இல்லை, மாஸ்க் (வண்ணம் படாமல் மறைக்கும் டேப் போன்றது) வைத்துத்தான்.

மங்கலை இறுக்க வழி உண்டு. அடிநிறத்தைக் கலக்கும்போதே கொஞ்சம் மிச்சம் எடுத்துச் சின்ன பாட்டிலில் மூடி வையுங்கள், இது ரொம்ப முக்கியம், பிறகு அதே கலவையைத் திரும்பக் கொண்டுவருவது லேசில் முடியாது. அதில் ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தின்னர் சேர்த்து, 0.2 அல்லது 0.3 மி.மீ. நாசிலில், ஒன்றிரண்டு செ.மீ. தூரத்தில் திட்டின் ஓரத்தைச் சுற்றி வாருங்கள். ஏர்பிரஷைத் திட்டுக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால் தெறிப்பெல்லாம் அடிநிறத்தின் மேலேயே விழும். திட்டை முதலில் அடிக்கும்போதும் இதே புத்திதான், முனை எப்போதும் திட்டின் உள்ளே பார்க்கட்டும்.

மாஸ்கின் ஓரத்தில் கசிவு, இல்லாவிட்டால் மேடு

கசிவுக்கு டேப்பைக் குறை சொல்வதற்கு முன், ரிவெட்டுகளும் பற்றவைப்புத் தழும்புகளும் இருக்கும் இடத்தைப் பாருங்கள், அங்கே எந்த டேப்பும் முழுதாக உட்காராது. டேப் ஒட்டியதும் அதன் ஓரத்தில் முதலில் அடிநிறத்தையே ஒரு மெல்லிய கோட் அடியுங்கள். கசிய வேண்டியது அடிநிறமாகவே கசிந்து இடுக்கை அடைத்துவிடும், அப்புறம் வரும் பச்சைக்கு வழி இருக்காது. ஒட்டும் களிமண்ணை உருட்டி மாஸ்க் செய்கிறவர்கள் 3, 4 மி.மீ. தடிமனில் கயிறாகத் திரித்து வைத்து, நேர் மேலிருந்து அடிக்க வேண்டும், சாய்வாக அடித்தால் அடியில் புகுந்துவிடும். வேலை முடிந்ததும் அன்றைக்கே எடுத்துவிடுங்கள், நாள் கணக்கில் விட்டால் எண்ணெய்த் தடம் விழுகிறது. மேடு வந்திருந்தால் ஓரத்தில் பெயின்ட் அதிகம் குவிந்திருக்கிறது, காய்ந்தபின் 2000 நம்பர் தாளை ஒரு பென்சிலின் பின்பக்கத்தில் ஒட்டி அந்தக் கோட்டை மட்டும் வருடுங்கள்.

அடிக்கும்போது அழகாக இருந்தது, வார்னிஷுக்குப் பிறகு எல்லாம் ஒரே இருட்டு

கிளாஸ் அடித்தால் நிறம் ஆழமாகும், மேட் அடித்தால் கொஞ்சம் வெளிறும். இடையில் வரும் வாஷ் இன்னும் ஒரு படி இருட்டாக்கும். கிளாஸ் கட்டத்தில் பதற வேண்டாம், மேட் வரை கொண்டுபோன சோதனைத் துண்டைப் பார்த்து முடிவெடுங்கள். அதிலும் பச்சையும் பழுப்பும் ஒன்றாகக் கலந்து தெரிந்தால் நிறங்களையே ஒரு படி வெளுப்பாகக் கலந்திருக்க வேண்டும். இப்போது செய்யக்கூடியது, ஒவ்வொரு திட்டின் நடுவிலும் அதே நிறத்தில் கொஞ்சம் வெளிர்மஞ்சள் சேர்த்து, நிறையத் தின்னரோடு, மூட்டம் மாதிரி மேலே இழைப்பது. வெள்ளை சேர்த்தால் சுண்ணாம்பு தட்டும். கறுப்பை வெறும் கறுப்பாக அடிக்கவே அடிக்காதீர்கள், அடர்சாம்பல் போதும், அது மாடலில் கறுப்பாகத்தான் தெரியும்.

டெக்காலைச் சுற்றி வெள்ளிப் படலம்

டெக்காலுக்கு அடியில் காற்று மாட்டிக்கொண்டிருக்கிறது. மேட் பெயின்ட்டின் பரப்பு நுணுக்கிப் பார்த்தால் மேடும் பள்ளமும்தான், அந்தப் பள்ளங்கள் ஒவ்வொன்றிலும் காற்று. கிளாஸ் அடிப்பது அந்தப் பள்ளங்களை நிரப்பத்தான், மினுக்குக்காக அல்ல. கிளாஸ் அடித்தும் வருகிறது என்றால் கிளாஸே சொரசொரப்பாக விழுந்திருக்கிறது.

மேட் இன்னும் அடிக்கவில்லை என்றால் தப்பித்தீர்கள். மெல்லிய ஊசியால் வெள்ளிப் படலத்தில் நாலைந்து இடத்தில் குத்தி, டெக்காலை இளக்கும் திரவத்தைப் பிரஷால் தொட்டு வையுங்கள். குத்திய துளை வழியாகத் திரவம் உள்ளே இழுபடுவதைக் கண்ணால் பார்க்கலாம், வெள்ளி நிறம் துளையிலிருந்து வெளிப்பக்கமாகக் கரைந்துகொண்டே போகும். அப்போது டெக்கால் சுருங்கினமாதிரி தெரியும், விரலை வைக்காதீர்கள், காயும்போது தானாக இழுத்துப் படிந்துவிடும். அரை மணி விட்டு, மிச்சம் இருக்கும் இடத்தில் மறுபடி. மேட் அடித்தாகிவிட்டால் திரவம் வார்னிஷைத் தாண்டாது. அப்போது டெக்காலின் நிறமற்ற ஓரத்தின் மேல் அந்தந்த உருமறைப்பு நிறத்தையே மெல்லிய பிரஷால் தொட்டு மூடுவதுதான் சுத்தமான வழி. நிஜத்திலும் எண்களையும் குறிகளையும் சுற்றி விட்டுவிட்டு வண்ணம் அடித்த வண்டிகள் இருந்தன, அதனால் இது உறுத்தாது.

வாஷ் கறையாகப் பரவிவிட்டது

எனாமல் வாஷை (மெதுவாகக் காயும் எண்ணெய் சார்ந்த வகை) மேட் பரப்பில் வைத்தால் அது மையொற்றும் தாளில் விழுந்த மை மாதிரி பரவும். அடுத்த நாளுக்குள் என்றால் ஒயிட் ஸ்பிரிட்டில் (எனாமலைக் கரைக்கும் தின்னர்) நனைத்து நன்றாகப் பிழிந்த தட்டைப் பிரஷால் மேலிருந்து கீழாக மட்டும் இழுங்கள். முழுதாகப் போகாவிட்டாலும் மிச்சம் மழை வழிந்த தடமாகத் தெரியும். குறுக்கே தேய்த்தால் அந்த வழியும் போய்விடும்.

கறையைவிட மோசமானது இன்னொன்று. ஒருமுறை அடிப்பாகத்தில் சேறு காட்டுவதற்காக சஸ்பென்ஷன் கைகளைச் சுற்றித் தாராளமாக வாஷ் ஊற்றினேன். மறுநாள் காலையில் எடுத்தபோது ஒரு சக்கரம் கையோடு வந்தது, அடுத்ததும் அப்படியே. ஒயிட் ஸ்பிரிட் இடுக்குகளில் குளமாகத் தேங்கி, இறுக்கத்தில் இருந்த பிளாஸ்டிக்கை வெடிக்க வைத்துவிட்டது. உள்பக்கம் நான் பிரைமரும் அடிக்கவில்லை. இப்போதெல்லாம் அடிப்பாகத்தின் உள்மூலை வரை பிரைமர் போகிறது, வாஷ் சொட்டுச்சொட்டாக மட்டும், தேங்கியதைப் பஞ்சுக்குச்சியால் உடனே உறிஞ்சி எடுத்துவிடுகிறேன்.

மேட் வார்னிஷ் காய்ந்ததும் மாடல் முழுக்க வெள்ளை பூத்துவிட்டது

இந்தத் தலைப்பைத் தேடித்தான் பலர் வந்திருப்பீர்கள், வயிற்றைக் கலக்கும் கோளாறு இது. இரண்டு மாத வேலை கண்ணெதிரே பனிமூடிப் போகும். பெரும்பாலும் மீட்கலாம், மாடலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

முதலில் ஒரு சோதனை. நன்றாகக் காய்ந்தபின், கண்ணில் படாத ஒரு இடத்தில், பிரஷ் நுனியில் தண்ணீர் தொட்டு ஒரு சொட்டு வையுங்கள். சொட்டு நின்ற இடத்தில் பழைய பச்சையும் பழுப்பும் பளிச்சென்று திரும்பி, தண்ணீர் காய்ந்ததும் மறுபடி வெளுத்தால், வெள்ளை என்பது பரப்பின் சொரசொரப்பில் ஒளி சிதறுவதுதான், அடியில் நிறம் பத்திரமாக இருக்கிறது. அப்படியானால் ஒரு ஈரமான கிளாஸ் கோட் அடியுங்கள், தண்ணீர் செய்ததையே அது நிரந்தரமாகச் செய்யும். ஒரு நாள் கழித்து மேட்டை மறுபடி, இந்தமுறை மெல்லியதாக இரண்டு கோட். தண்ணீர் வைத்தும் வெள்ளை அசையவில்லை என்றால் வெள்ளை வார்னிஷின் உள்ளேயே மாட்டியிருக்கிறது. லாக்கர் வார்னிஷ் (வேகமாகக் காயும், வீரியமான கரைப்பான் சார்ந்த வகை) என்றால் லெவலிங் தின்னரை (மெதுவாகக் காயும் லாக்கர் தின்னர்) மட்டும், வார்னிஷ் எதுவும் கலக்காமல், தூரத்திலிருந்து மூட்டமாக ஒரு தடவு தடவுங்கள், மேற்பரப்பு இளகி ஈரம் வெளியேறும். அக்ரிலிக் நிறத்தின் மேல் இதை நனைய அடித்தால் நிறமே தூக்கிக்கொள்ளும், அதனால் சோதனைத் துண்டில் பார்க்காமல் தொடாதீர்கள். தண்ணீர் சார்ந்த வார்னிஷுக்கு இந்த வழி இல்லை, அந்தப் பகுதிக்கு மறுபடி வண்ணம்தான்.

ஏன் வந்தது என்று தெரிந்தால்தான் திரும்ப வராது. மேட் வார்னிஷ் மங்கலாகத் தெரிவதே அதில் கலந்திருக்கும் மிக நுண்ணிய தூளால். பாட்டிலைச் சரியாகக் குலுக்காமல் அடித்தால் தெளிவான பாகம் முதலில் போய், அடியில் குவிந்த தூள் கடைசியில் மொத்தமாக மாடல்மேல் இறங்குகிறது. தடியாக அடித்தாலும் இதே கதி, பள்ளங்களில் வார்னிஷ் தேங்கி அங்கே மட்டும் வெள்ளைக் கோடு விழும். டமியா எக்ஸ்-21 போன்ற மேட் ஆக்கும் அடிக்கலவையைக் கிளாஸில் அளவுக்கு மீறிக் கலந்தாலும் பூக்கும். இன்னொன்று ஈரப்பதம். மழை நாளில் லாக்கர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிகிறது. அந்த நாளில் வார்னிஷ் வேலையைத் தள்ளிப்போடுங்கள், கம்ப்ரசரில் ஈரம் பிடிக்கும் கிண்ணம் நிரம்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்பிரே டின் என்றால் 15 நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்துவிட்டு அடியுங்கள், கொதிநீர் கூடவே கூடாது. எந்த முறையானாலும் ஜன்னல் திறந்திருக்கட்டும், லாக்கர் என்றால் ஆவியைத் தடுக்கும் வடிகட்டி வைத்த முகமூடி கட்டாயம்.

மேட் அடித்தும் அங்கங்கே பளபளக்கிறது

பாதி நேரம் குலுக்காததுதான், இரண்டு நிமிடம் குச்சியால் அடிவரை கிளறிவிட்டு இன்னொரு மெல்லிய கோட் அடித்தால் சரியாகும். சில இடம் மட்டும் திரும்பத் திரும்ப மினுங்கினால் அங்கே விரல் எண்ணெய் இருக்கிறது. முடிந்த மாடலில் ஹேட்சும் பீரங்கிக் குழலும் சில மாதத்தில் மினுங்க ஆரம்பிப்பது கை படுவதால், அது மெருகேறுவது. கையுறை போட்டு எடுங்கள்.

பிசுபிசுப்பு, சுருக்கம், வெடிப்பு

பிசுபிசுப்பு பெரும்பாலும் தடியான கோட், நாட்கணக்கில் தூசி படாமல் மூடி வைத்தால் தீரும். சுருக்கமும் வெடிப்பும் அப்படித் தீராது. மேலே வந்த லாக்கர் கீழே அரைகுறையாகக் காய்ந்த எனாமலையோ அக்ரிலிக்கையோ கரைத்து இழுத்திருக்கிறது. கடினமான லாக்கர் கீழே, அக்ரிலிக் நடுவில், எனாமலும் எண்ணெய் வண்ணமும் மேலே என்ற வரிசையை மாற்றாதீர்கள். லாக்கர் வார்னிஷ்தான் கடைசியில் வேண்டும் என்றால் கீழே உள்ளது பல நாள் காய்ந்த பிறகு, முதல் இரண்டு கோட்டும் நனையாத மூட்டமாக இருக்கட்டும்.

வெடித்த இடம் ஒரு தகடு அளவு என்றால் அதைத் தேய்த்து அடியுங்கள். கோபுரம் முழுக்க என்றால் வண்ணத்தையே கழற்றுவதுதான் நல்லது. அக்ரிலிக் அடுக்குகளை 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் ஊறவைத்துப் பழைய பல் தேய்க்கும் பிரஷால் தேய்த்தால் வந்துவிடும், பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை அது தொடாது. லாக்கர் பிரைமர் பெரும்பாலும் அப்படியே நிற்கும், நின்றால் நல்லது, அதன்மேலேயே மறுபடி தொடங்கலாம். லாக்கர் தின்னரில் மட்டும் ஊறவைத்துவிடாதீர்கள், பிளாஸ்டிக்கே கரைந்துபோகும். சயனோ பசையில் (சூப்பர் குளூ) ஒட்டிய பித்தளைத் தகடுகள் தேய்க்கும்போது கழன்று விழலாம், அதனால் ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் வைத்துத் தேயுங்கள், விழுந்த கொக்கி கண்ணில் படும்.